மருந்து டோஸ் கணக்கு: ஃபார்முலா ஒண்ணுதான்... தப்பு நடக்கிறது எங்கே? நர்ஸிங் மாணவர்களுக்கு முழு விளக்கம்

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவது மில்லிகிராமில். நர்ஸ் சிரிஞ்சில் இழுப்பது மில்லிலிட்டரில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கணக்குதான் மருந்து டோஸ் கணக்கு.

பி.எஸ்சி. நர்ஸிங், ஜி.என்.எம். என எதில் சேர்ந்தாலும் இந்தக் கணக்கைத் தாண்டாமல் வார்டுக்குள் போக முடியாது. உண்மையில் இது பள்ளிக்கூடத்தில் படித்த விகிதக் கணக்குதான். பெருக்கத் தெரிந்தால், வகுக்கத் தெரிந்தால் போதும். அப்புறம் ஏன் இதில் இத்தனை தப்பு நடக்கிறது? எந்தெந்த இடத்தில் கவனமாக இருக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு புள்ளி, ஒரு லேபிள்: நடந்த இரண்டு சம்பவங்கள்

2010 செப்டம்பர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை. தீவிர சிகிச்சையில் இருந்த 8 மாதக் குழந்தைக்கு 140 மி.கி. கால்சியம் குளோரைடு கொடுக்கணும். கொடுக்கப்பட்டது 1.4 கிராம், அதாவது 1,400 மி.கி. சரியாக 10 மடங்கு. கொடுத்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இல்லை, 20 ஆண்டுக்கும் மேல் அனுபவம் உள்ள நர்ஸ். தவறு தெரிந்ததும் அவரே அதைச் சொல்லிவிட்டார். சில நாட்களில் குழந்தை இறந்துவிட்டது. ஏற்கெனவே அதன் உடல்நிலை மிக மோசமாக இருந்ததால், இறப்புக்கு இந்த டோஸ்தான் காரணமா என்பது உறுதியாகவில்லை. வேலையை இழந்த அந்த நர்ஸ், அடுத்த ஆண்டு தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2007 நவம்பர். லாஸ் ஏஞ்சலிஸில் ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் குவைடின் பச்சிளம் இரட்டைக் குழந்தைகளுக்கு, ஐ.வி. குழாய் அடைக்காமல் இருக்க ஹெப்பாரின் போடப்பட்டது. எடுத்திருக்க வேண்டியது மில்லிலிட்டருக்கு 10 யூனிட் உள்ள குப்பி. எடுத்தது மில்லிலிட்டருக்கு 10,000 யூனிட் உள்ள குப்பி. ஆயிரம் மடங்கு! நல்லவேளையாக இரண்டு குழந்தைகளும் பிழைத்துக்கொண்டார்கள். இங்கே யாரும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்த குப்பியின் லேபிளைப் படிக்காமல் விட்டதுதான் பிரச்சினை.

இது எங்கோ ஒரு ஊர்ப் பிரச்சினை இல்லை. மருந்துத் தவறுகளால் வரும் கடுமையான பாதிப்பை 5 ஆண்டுகளில் பாதியாகக் குறைக்கணும் என்று உலக சுகாதார அமைப்பு 2017-ல் தனி இயக்கமே தொடங்கியது.

ஃபார்முலா தெரியாமல் நடக்கும் தப்பு குறைவு. ஃபார்முலாவுக்கு முன்னால் யூனிட்டையும் லேபிளையும் பார்க்காமல் விடுவது, ஃபார்முலாவுக்குப் பின்னால் 'இந்த பதில் சரிப்பட்டு வருமா?' என்று யோசிக்காமல் விடுவது. சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

முதலில் யூனிட்டை ஒண்ணாக்குங்க

மனப்பாடமாக இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

1 கிராம் = 1,000 மி.கி.
1 மி.கி. = 1,000 மைக்ரோகிராம்
1 லிட்டர் = 1,000 மி.லி.

ஒவ்வொரு படிக்கும் ஆயிரம். மேலிருந்து கீழே வந்தால் பெருக்கணும், கீழிருந்து மேலே போனால் வகுக்கணும்.

ஆர்டர் ஒரு யூனிட்டிலும் மருந்து வேறு யூனிட்டிலும் இருந்தால், வேறு எதையும் தொடாமல் முதலில் இரண்டையும் ஒரே யூனிட்டுக்குக் கொண்டு வாங்க. உதாரணமாக, தைராக்சின் 0.1 மி.கி. என்று எழுதியிருக்கு. மாத்திரை அட்டையில் 50 மைக்ரோகிராம் என்று இருக்கு. 0.1 மி.கி. என்றால் 100 மைக்ரோகிராம். அப்படியென்றால் 2 மாத்திரை.

இன்சுலின், ஹெப்பாரின் போன்ற மருந்துகளை மட்டும் 'யூனிட்' கணக்கில்தான் அளப்பார்கள். இதை மில்லிகிராமாக மாற்ற முயற்சி பண்ணக்கூடாது. யூனிட்டை யூனிட்டாகவே வைத்துக் கணக்குப் போடணும்.

அந்த ஒரே ஃபார்முலா

தேவையான அளவு ÷ கையில் உள்ள மருந்தின் அளவு × அது அடங்கியிருக்கும் மி.லி. (அல்லது மாத்திரை எண்ணிக்கை)

சுருக்கமாகச் சொன்னால் 'வேணும்' வகுத்தல் 'இருக்கு', பெருக்கல் 'எதுக்குள்ள இருக்கு'.

மாத்திரை: ஃப்ரூஸமைடு 20 மி.கி. வேணும். இருப்பது 40 மி.கி. மாத்திரை. 20 ÷ 40 × 1 = அரை மாத்திரை. நடுவில் கோடு உள்ள மாத்திரையைத்தான் பாதியாக உடைக்கலாம். மெதுவாகக் கரையும் வகை, குடலில் கரைவதற்காக மேல்பூச்சு பூசிய வகை இரண்டையும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

ஊசி: அதே ஃப்ரூஸமைடு 30 மி.கி. ஊசியாக வேணும். ஆம்பியூலில் 2 மி.லி.யில் 20 மி.கி. இருக்கு. 30 ÷ 20 × 2 = 3 மி.லி. அதாவது ஒன்றரை ஆம்பியூல்.

ஒரே குழந்தை, ஒரே மருந்து, மூணு பாட்டில்

குழந்தைகளுக்கு டோஸ் எடையை வைத்துத்தான். 12 கிலோ குழந்தைக்கு காய்ச்சல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று ஆர்டர். முதல் படி: 12 × 15 = 180 மி.கி.

இனி எத்தனை மி.லி. என்பது கையில் இருக்கிற பாட்டிலைப் பொறுத்தது.

5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்: 180 ÷ 120 × 5 = 7.5 மி.லி.
5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்: 180 ÷ 250 × 5 = 3.6 மி.லி.
1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து: 180 ÷ 100 × 1 = 1.8 மி.லி.

மூன்றிலும் குழந்தைக்குப் போவது அதே 180 மி.கி.தான். ஆனால் முதல் பாட்டிலுக்குப் போட்ட 7.5 மி.லி. கணக்கை மனசில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை எடுத்தால்? 750 மி.கி. உள்ளே போகும். தேவையானதைவிட நாலு மடங்குக்கும் மேல். அதனால்தான் 'பாராசிட்டமால் 7.5 மி.லி.' என்று மி.லி.யை மட்டும் சொல்வதும் எழுதுவதும் ஆபத்து. எப்போதும் மி.கி.யோடு சேர்த்தே சொல்லணும். வீட்டில் சிரப் ஊற்றிக் கொடுக்கிற பெற்றோருக்கும் இதே விதிதான். பாட்டில் மாறினால் மி.லி. அளவும் மாறும்.

எடைக் கணக்கில் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, அன்றைக்குப் பார்த்த எடை வேணும், கிலோவில் வேணும். இன்னொன்று, எடையால் பெருக்கிக்கொண்டே போகக்கூடாது, ஒவ்வொரு மருந்துக்கும் உச்சவரம்பு இருக்கு. 80 கிலோ பெரியவருக்கு 15 × 80 = 1,200 மி.கி. என்று பதில் வரும். ஆனால் பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1 கிராம்தான் உச்சம்.

தூளாக வரும் மருந்து

ஆன்டிபயாடிக் ஊசிகள் பல தூளாகத்தான் வரும். நீர் சேர்த்துக் கரைக்கணும். இதில் நிறைய பேர் தவறவிடுவது, தூளும் இடம் பிடிக்கும் என்பதை. 1 கிராம் செஃப்ட்ரியாக்சோன் குப்பியில் 9.6 மி.லி. நீர் சேர்த்தால்தான் மி.லி.க்கு 100 மி.கி. என்ற கணக்கு வரும். எவ்வளவு நீர், கரைத்த பிறகு மி.லி.க்கு எவ்வளவு மருந்து என்பது கூடவே வரும் தாளில் இருக்கும்.

10 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 50 மி.கி. என்றால் 500 மி.கி. 500 ÷ 100 × 1 = 5 மி.லி. கரைத்ததும் குப்பியில் தேதி, நேரம், மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று எழுதி ஒட்டிடுங்க. அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் ஊகிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

சதவீதம், விகிதம் போட்டிருந்தால்?

சதவீதம் என்றால் 100 மி.லி.யில் எத்தனை கிராம் என்று அர்த்தம். குறுக்கு வழி: சதவீத எண்ணை 10-ஆல் பெருக்கினால் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று வந்துவிடும்.

2 சதவீத லிக்னோகெய்ன் = மி.லி.க்கு 20 மி.கி.
50 சதவீத மெக்னீசியம் சல்ஃபேட் = மி.லி.க்கு 500 மி.கி.

அட்ரினலின் மாதிரி மருந்தில் விகிதம் போட்டிருக்கும். 1:1,000 என்றால் 1,000 மி.லி.யில் 1 கிராம். அதாவது மி.லி.க்கு 1 மி.கி. 1:10,000 என்றால் மி.லி.க்கு 0.1 மி.கி. ஒரே ஒரு பூஜ்யம், வித்தியாசம் 10 மடங்கு. அவசர நேரத்தில் பதற்றத்தோடு எடுக்கிற மருந்து இது என்பதால், விகிதத்தை நம்பாமல் மி.கி.யாக மாற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது.

டிரிப்ஸ்: நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?

மொத்த மி.லி. × செட்டின் சொட்டு எண் ÷ மொத்த நிமிடங்கள்

சொட்டு எண் என்பது 1 மி.லி.க்கு அந்த ஐ.வி. செட்டில் எத்தனை சொட்டு விழும் என்பது. சாதாரண செட்டில் பெரும்பாலும் 20, சிலவற்றில் 15. மைக்ரோ டிரிப் செட்டில் 60. செட்டின் உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

500 மி.லி. சலைன், 4 மணி நேரம், சொட்டு எண் 20: 500 × 20 ÷ 240 = 41.66. அரை சொட்டு விழாது, அதனால் 42 சொட்டு.

இதை வேகமாகச் சரிபார்க்க ஒரு வழி இருக்கு. 500-ஐ 4-ஆல் வகுத்தால் மணிக்கு 125 மி.லி. சொட்டு எண் 20 என்றால் அதை 3-ஆல் வகுத்தால் போதும், 41.66 வந்துவிடும். மைக்ரோ செட் என்றால் வகுக்கவே வேண்டாம். மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு.

படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும்போது 42 சொட்டை 15 விநாடிக்குப் பிரித்துக்கொண்டால் 10 அல்லது 11 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து வேகத்தை ஓரளவு அமைத்துவிட்டு, அப்புறம் ஒரு முழு நிமிஷம் எண்ணி உறுதி பண்ணிக்கலாம்.

ஐ.சி.யூ. கணக்கு: பயப்பட வேண்டாம், படிப்படியாகப் போடுங்க

மாணவர்கள் அதிகம் பயப்படுவது 'கிலோவுக்கு, நிமிஷத்துக்கு, மைக்ரோகிராம்' என்று வரும் கணக்கைப் பார்த்துத்தான். ஒரே வரியில் போட முயற்சி செய்தால் குழப்பும். படியாகப் பிரித்தால் சுலபம்.

60 கிலோ நோயாளி. டோபமைன் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம். 200 மி.கி. உள்ள 5 மி.லி. ஆம்பியூலோடு 45 மி.லி. கரைசல் சேர்த்து 50 மி.லி.யாக சிரிஞ்ச் பம்பில் வைத்திருக்காங்க. மணிக்கு எத்தனை மி.லி. ஓடணும்?

எடை: 5 × 60 = நிமிஷத்துக்கு 300 மைக்ரோகிராம்
நேரம்: 300 × 60 = மணிக்கு 18,000 மைக்ரோகிராம்
யூனிட்: 18,000 ÷ 1,000 = மணிக்கு 18 மி.கி.
மருந்தின் அடர்த்தி: 200 ÷ 50 = மி.லி.க்கு 4 மி.கி.
வேகம்: 18 ÷ 4 = மணிக்கு 4.5 மி.லி.

எடை, நேரம், யூனிட், அடர்த்தி, வேகம். இந்த வரிசையில் ஒவ்வொரு வரியிலும் யூனிட்டை எழுதிக்கொண்டே வந்தால், எந்தப் படியை விட்டோம் என்பது பேப்பரிலேயே தெரிந்துவிடும். இங்கே '60' இரண்டு தடவை வருவதைக் கவனிங்க. ஒன்று எடை, இன்னொன்று நிமிஷம். யூனிட் எழுதாமல் போட்டால் ஒன்றை விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

இன்சுலின்: சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்ச் சிவப்பு மூடி. மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் இருக்கு. அதற்கான சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி. சரியான ஜோடியாக இருந்தால் கணக்கே தேவையில்லை. 20 யூனிட் என்றால் 20-ம் கோடு வரை இழுத்தால் போதும்.

ஜோடி மாறினால்தான் சிக்கல். 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ம் கோடு வரை இழுத்தால், உள்ளே இருப்பது அரை மி.லி. அதாவது 50 யூனிட். சர்க்கரை அளவு திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றி, 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடியில் 20 வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை குறையாது. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் இழுங்க.

எழுதும்போதே தப்பு வராமல் இருக்க

0.5 என்று எழுதுங்க. முன்னால் பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிடும்.
5 என்று எழுதுங்க. 5.0 என்று எழுதினால் 50 ஆகத் தெரியும்.
'யூனிட்' என்பதை முழுசாக எழுதுங்க. ஒற்றை ஆங்கில எழுத்தில் சுருக்கினால் அது பூஜ்யம் மாதிரி தெரிந்து, 10 யூனிட் 100 ஆகிடும்.
மைக்ரோவுக்கான கிரேக்கக் குறியைத் தவிர்த்திடுங்க. கையெழுத்தில் அது மில்லி மாதிரி தெரியும். அந்த ஒரு குழப்பத்தில் டோஸ் ஆயிரம் மடங்காகும்.

பதில் வந்தாச்சு. சரிதானா?

கணக்குப் போடும் முன்பே ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்த குழந்தைக்கு வேண்டியது 180 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120. அப்போ பதில் 5-ஐவிட அதிகமாக வரணும், 10-ஐத் தாண்டக்கூடாது. கால்குலேட்டரில் 75 என்று வந்தால் உடனே சந்தேகம் வந்திடணும். இந்த மதிப்பீட்டுக்கு 5 விநாடிகூட ஆகாது. பத்து மடங்கு தப்புகளில் பெரும்பாலானவை இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரு வேளை டோஸுக்கு மூணு, நாலு மாத்திரையோ, இரண்டு ஆம்பியூலுக்கு மேலோ தேவை என்று பதில் வந்தால் நில்லுங்க. பெரும்பாலும் எங்கோ தப்பு இருக்கும். எப்போதும் அப்படி இல்லை. பிரசவ வார்டில் வலிப்பைத் தடுக்க 5 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட் தசை ஊசியாகப் போடச் சொன்னால், 1 கிராம் உள்ள 2 மி.லி. ஆம்பியூல் ஐந்தை உடைக்கணும். அது சரியான கணக்குதான். ஆனாலும் நின்று, உறுதி பண்ணிக்கொண்டு, அப்புறம் எடுக்கணும்.

இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு, புற்றுநோய் மருந்துகள் போன்றவற்றுக்கு இரண்டு பேர் சரிபார்க்கணும் என்ற நடைமுறை இருக்கு. இதில் முக்கியமான விஷயம், இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போடணும். 'சிஸ்டர், 4.5 வருது, சரிதானே?' என்று கேட்டால், பிஸியாக இருக்கிற சிஸ்டர் 'ஆமா'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது சரிபார்ப்பு இல்லை. ஆர்டரையும் குப்பியையும் மட்டும் காட்டுங்க, பதிலைச் சொல்லாதீங்க. இரண்டு பதிலும் ஒன்றாக வந்தால்தான் ஊசி போடணும்.

கையெழுத்து புரியவில்லை, டோஸ் அதிகமாகத் தெரிகிறது என்றால் டாக்டரிடம் திரும்பக் கேட்கத் தயங்க வேண்டாம். மாணவராக இருந்தாலும் கேட்கலாம், கேட்கணும். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

போட்டுப் பாருங்க

1. தைராக்சின் 0.075 மி.கி. ஆர்டர். மாத்திரை 25 மைக்ரோகிராம். எத்தனை?
2. ஜென்டமைசின் 60 மி.கி. வேணும். 2 மி.லி.யில் 80 மி.கி. இருக்கு. எத்தனை மி.லி.?
3. 8 கிலோ குழந்தை, பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. சொட்டு மருந்தில் மி.லி.க்கு 100 மி.கி. எத்தனை மி.லி.?
4. 500 மி.லி. டிரிப்ஸ், 6 மணி நேரம், சொட்டு எண் 20. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?

விடைகள்: 1) 3 மாத்திரை. 2) 1.5 மி.லி. 3) 120 மி.கி., அதாவது 1.2 மி.லி. 4) 27.7, அதாவது 28 சொட்டு.

முதல் கணக்கில் 3 மாத்திரை என்று வந்ததும் நின்று யோசித்தீர்களா? யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையின் முக்கியமான பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

(இந்தக் கட்டுரையில் உள்ள டோஸ் அளவுகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்கான உதாரணங்கள் மட்டுமே. நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது மருத்துவரின் ஆர்டர், மருந்தின் லேபிள், மருத்துவமனையின் விதிமுறை ஆகியவற்றையே பின்பற்ற வேண்டும்.)